பிள்ளை தங்குவதற்கு முன்: மரபணு ஆலோசனை பற்றிக் கொழும்புப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, கொம்பனித்தெரு பக்கத்துத் தாய்–சேய் கிளினிக்குகளில் தமிழ் பேசும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. கொழும்பில் தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்தவர்கள், மலையகத்திலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் என்று பலவிதம். கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் மிட்வைஃப் ஒருவர் கேட்டது.

மரபணு ஆலோசனைக்குப் போனால் என்ன செய்வார்கள்? ஊசி குத்துவார்களா?

குடும்பத்தில் இருக்கிற நோய் பிள்ளைக்கும் வருமா, வந்தால் என்ன வழி என்று பேசி விளங்கிக்கொள்வதுதான் மரபணு ஆலோசனை. முதல் நாள் பெரும்பாலும் பேச்சுத்தான். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் குடும்பத்தை வரைவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர் என்றால் உள்ளே கறுப்பு அடிப்பார்கள். தவறிப்போனவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. சொந்தத்துக்குள் கட்டியவர்களுக்கு இடையில் இரட்டைக் கோடு. உங்கள் பக்கம், அவர் பக்கம் என்று மூன்று தலைமுறை அந்தத் தாளில் வந்துவிடும்.

விஷயம் வெளியே வருவது அங்கேதான். "மாமிக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் உயிரோடு இருக்கிறவர்களை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். "எத்தனை தரம் வயிற்றில் தங்கியது?" என்று கேட்டால் கணக்கு மாறும். ஏழு தரம் தங்கி நான்கு பிள்ளைகள் இருந்தால் மற்ற மூன்றும் எங்கே? ஒன்று ஆறாம் மாதம் கலைந்தது, ஒன்று பிறந்த அன்றே போனது, ஒன்று "இரத்தம் இல்லாமல்" இரண்டு வயதில் போனது. அந்தக் கடைசிப் பிள்ளையின் பேரைக்கூட வீட்டில் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது அந்தப் பிள்ளையின் விவரம்தான். ஆகவே வருவதற்கு முன் அம்மாவிடமும் மாமியிடமும் மெதுவாகக் கேட்டுவைத்துக்கொண்டு வாருங்கள். பழைய ஆஸ்பத்திரித் துண்டு ஏதாவது தகரப்பெட்டியில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

இரத்தம் எடுப்பது பிறகு, தேவை இருந்தால் மட்டும்.

நானும் நல்லா இருக்கிறேன், அவரும் நல்லா இருக்கிறார். பிறகு எதற்கு?

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டிரண்டாக இருக்கிறது; ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. பல நோய்களில் ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு குறையும் இருக்காது. ஓடுவார், சாமான் தூக்குவார், இரண்டு வேலை பார்ப்பார். இப்படிப்பட்டவரைக் காவி என்கிறோம். காவி ஒருவர், காவியாக இருக்கும் இன்னொருவரைக் கட்டினால்தான் சிக்கல்; பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பழுதானது கிடைக்கக்கூடும். நல்லா இருக்கிற இரண்டு பேருக்கு நோயுள்ள பிள்ளை பிறப்பது இப்படித்தான். அதனால் ஆளைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்ல எந்த டொக்டராலும் முடியாது.

பிள்ளை தங்கின பிறகு ஸ்கேனில் பார்க்கலாம்தானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டையது. அதன் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே கருவைக் கலைக்கலாம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கடும் நோய் என்று டெஸ்டில் உறுதியானாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை. மாற்றவேண்டும் என்ற பேச்சு பல தடவை எழுந்து அடங்கிவிட்டது. வெளிநாட்டு இணையப் பக்கங்களில் "கர்ப்பத்தில் டெஸ்ட் செய்து பிறகு முடிவெடுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். அந்த அறிவுரை எங்கள் நாட்டில் பாதி வழியில் நின்றுவிடும். கருவைக் கலைப்பது சரியா பிழையா என்பதில் ஆளுக்கு ஆள், மதத்துக்கு மதம் கருத்து வேறுபடும். அதற்குள் நான் போகவில்லை. பிள்ளை தங்கின பிறகு உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் வழிகள் மிகக் குறைவு என்பதைத்தான் சொல்கிறேன். தங்குவதற்கு முன் வழிகள் பல.

மருத்துவக் காரணம் ஒன்றும் உண்டு. கரு உண்டாகி 28 நாளுக்குள் பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் மூடிவிடும். அப்போது பலருக்கு மாதவிடாய் தள்ளிப்போனதே தெரிந்திருக்காது. முதல் கிளினிக்குக்கு வந்து பெயர் பதியும்போது அந்த வேலை முடிந்து வாரக்கணக்காகியிருக்கும். ஃபோலிக் அமிலக் குளிசையைக் குறைந்தது ஒரு மாதம் முந்தியே தொடங்கச் சொல்வது இதனால்தான். சாதாரணமாக ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும். முந்திய பிள்ளைக்கு முள்ளந்தண்டு பிளந்திருந்தால் அதைப் போலப் பத்து மடங்கு வரை தேவைப்படும். அதை டொக்டர் எழுதித் தரவேண்டும்.

தலசீமியா குருணாகலைப் பக்கத்து வருத்தம் என்கிறார்களே. எங்களுக்கும் வருமா?

தலசீமியா என்பது உடம்பு போதிய நல்ல இரத்தம் உண்டாக்காத பரம்பரை நோய். தேசிய தலசீமியா நிலையம் குருணாகலையில் இருக்கிறது, நோயாளிகளும் அந்தப் பக்கம் அதிகம். அதனால் வந்த பேச்சு இது. அநுராதபுரம், பதுளை மாவட்டங்களிலும் நோயாளிகள் உண்டு. நாடு முழுவதையும் எடுத்தால் நூறு பேரில் இரண்டு பேரளவில் அதன் ஒரு வகையான பீற்றா தலசீமியாவின் காவிகள். மலேரியா நீண்டகாலம் இருந்த இடங்களில் இது கூடுதலாகக் காணப்படும். காவிகளுக்கு மலேரியாவிலிருந்து கொஞ்சம் பாதுகாப்புக் கிடைத்ததுதான் காரணம். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று அது ஆள் பார்ப்பதில்லை. கொழும்பில் இருக்கிற பாதிப்பேரின் தாத்தா பாட்டி வேறெங்கோ இருந்து வந்தவர்கள்தானே.

நோய் உள்ள பிள்ளைக்குப் பிறந்து ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் வெளிறல் தெரியத் தொடங்கும். பிறகு மாதம் ஒரு தரமளவில் இரத்தம் ஏற்றவேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற இரவில் தோலுக்கடியில் ஊசி வைத்துப் பம்ப் போடவேண்டும், அல்லது தினமும் மருந்து குடிக்கவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் நாட்கூலி வேலை செய்கிற அம்மா மாதத்தில் இரண்டு மூன்று நாள் வார்ட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சம்பளத்தை யார் தருவது?

டெஸ்ட் எப்படி? ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். அது சிவப்பணுவின் பருமன். 80க்குக் குறைந்தால் கவனிக்கவேண்டும். அதன் கீழே எம்.சி.எச்., ஒரு சிவப்பணுவில் இரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது; 27க்குக் குறைந்தால் அதேபோல.

ஓர் உதாரணம். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 5.8. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் "கொஞ்சம் இரத்தம் குறைவு, கீரை சாப்பிடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். இப்போது 64ஐ 5.8ஆல் வகுத்துப் பாருங்கள்: 11. இரும்புக் குறைவென்றால் சிவப்பணுவின் எண்ணிக்கையும் சேர்ந்து குறைந்திருக்கும். இந்தக் கணக்கு 13க்கு மேல் வரும். 13க்குக் கீழே வந்தால் காவியாக இருக்குமோ என்ற சந்தேகம். சந்தேகம் மட்டும்தான், முடிவு சொல்ல இந்தக் கணக்குக்கு அதிகாரமில்லை. அடுத்த டெஸ்டில் ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 எவ்வளவு என்று அளப்பார்கள், 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீற்றா காவி. கடுமையான இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் ஏ2 குறைத்துக் காட்டும். அப்படியானால் முதலில் இரும்புச் சத்தை ஏற்றிவிட்டு மறுபடி எடுப்பார்கள்.

ஹீமோகுளோபின் ஈ என்ற மாறிய வகை ரிப்போர்ட்டில் வந்தாலும் சும்மா விடவேண்டாம். அந்தக் காவியும் பீற்றா காவியும் சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய் வரக்கூடும்.

வருடக்கணக்காக இரும்புக் குளிசை குடிக்கிறேன், ஏறவே இல்லை.

இதைச் சொல்கிற பெண்ணைக் கண்டால் நான் உடனே ரிப்போர்ட்டைத்தான் கேட்பேன். குடிக்காமல் வீசுகிறவர்களும் உண்டு, சோற்றுக்குப் பிறகு பிளேன்டீயோடு குடித்து வீணாக்குகிறவர்களும் உண்டு. ஒழுங்காகக் குடித்தும் ஏறாவிட்டால் காவியா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அவர் டெஸ்டுக்கு வரவே மாட்டார். ஓட்டோவை விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு உழைப்பில்லை என்கிறார்.

நீங்கள் முதலில் செய்யுங்கள். உங்களுக்குக் காவி இல்லை என்று வந்தால் தலசீமியா விஷயத்தில் அவரை இழுத்துவரத் தேவையே இல்லை. காவி என்று வந்தால் மட்டும் அவருடைய இரத்தம் வேண்டும். அப்போது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்; "ஆம்பிளைக்கு என்ன டெஸ்ட்" என்ற பேச்சு கொஞ்சம் அடங்கும். ஒரு குழாய் இரத்தம்தான், வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இரண்டு பேரும் காவி என்று வந்துவிட்டது. கலியாணமும் முடிந்துவிட்டது. இனி என்ன?

முதலில் எண்ணைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தரம் தங்கும்போதும் நோயுள்ள பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு, உங்களைப் போலக் காவியாக இருக்க நான்கில் இரண்டு, ஒன்றுமே இல்லாதிருக்க நான்கில் ஒன்று. நோயில்லாமல் பிறக்க நான்கில் மூன்று என்று வாசித்தாலும் அதே எண்தான். எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கிறீர்கள் என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது.

வழிகள் இவை. தெரிந்தே பிள்ளை பெறலாம். பிறந்ததும் சோதித்து, நோய் என்றால் தாமதமில்லாமல் சிகிச்சை தொடங்கலாம். கர்ப்பத்தில் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்தோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குடநீரிலிருந்தோ பார்க்கலாம். அந்தப் பதிலை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குச் சட்டத்தின் எல்லையை மேலே சொன்னேன். ஆய்வுகூடத்தில் கருவை உருவாக்கி, நோயில்லாததைத் தேர்ந்து வைக்கும் முறையும் உண்டு. செலவைக் கேட்டால் எங்கள் கிளினிக்குக்கு வருகிற பெண்கள் சிரித்துவிடுவார்கள். தத்தெடுக்கலாம். இருக்கிற ஒரு பிள்ளை போதும் என்று நிறுத்தலாம்.

எது நல்லது என்று நான் சொல்லமாட்டேன். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று எல்லோரும் கேட்பார்கள். இரவில் அழுகிற பிள்ளையைத் தூக்கப்போவது நான் இல்லையே. அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமையும் எனக்கில்லை.

மூத்தவனுக்கு வந்துவிட்டது. நான்கில் ஒன்று என்றால் இனி மூன்று பிள்ளைக்கு வராதுதானே?

வரலாம். பூவா தலையா போடுவது மாதிரி. போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது. அடுத்த பிள்ளைக்கும் புதிதாக அதே நான்கில் ஒன்று. இரண்டு பிள்ளைக்கும் வந்த வீடும் உண்டு, நான்கு பெற்று ஒன்றுக்கும் வராத வீடும் உண்டு.

மச்சானைக் கட்டப்போகிறேன். பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று எல்லோரும் பயம் காட்டுகிறார்கள்.

எந்தத் தம்பதிக்கும், சொந்தமோ பிறத்தியோ, பிறக்கும் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவியிலேயே பெரிய குறை ஒன்று இருக்கும். ஒன்றுவிட்ட சொந்தத்தில், அதாவது மாமா மகன், மாமி மகன் போன்ற முறையில் கட்டினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். நூறில் நான்கு முதல் ஆறு. மறுபக்கம் பார்த்தால் நூறில் தொண்ணூற்று நான்குக்கு மேல் நல்லபடி பிறக்கிறது. பயம் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை; "எங்கள் பரம்பரையே அப்படித்தான், ஒன்றும் ஆகவில்லை" என்கிறவர்கள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

காரணம் எளிது. ஒன்றுவிட்ட சொந்தங்களுக்கு ஒரே தாத்தா பாட்டி. எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்கும். தாத்தாவிடம் ஒரு பழுதான மரபணு இருந்தால் அதுவே உங்கள் இரண்டு பேரிடமும் வந்திருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒரு குறையும் தெரியாத குடும்பம் என்றால் மேலே சொன்ன எண். குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாத, அல்லது சிறு வயதில் தவறிய பிள்ளைகள் இருந்தால் எண் கூடும். தாளில் குடும்பத்தை வரையாமல் யாரும் இதைச் சொல்ல முடியாது. நேரே "கட்டாதே" என்று ஒருவர் சொன்னால், அவர் டொக்டராகவே இருந்தாலும், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

முறை பற்றி ஒன்று. தமிழ் வீடுகளில் சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் அண்ணன் தங்கை. மாமா, மாமி பிள்ளைகள் மச்சான் மச்சாள். முஸ்லிம்களின் மார்க்கத்தில் இரண்டு பக்கமும் கட்ட அனுமதி உண்டு. மரபணுவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எட்டில் ஒன்று எல்லா முறையிலும் எட்டில் ஒன்றுதான். தாய்மாமனைக் கட்டுவது பற்றி இந்தியாவில் நடப்பதைப் பார்த்துக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே பொதுவாக இருப்பது நான்கில் ஒரு பங்கு. இலங்கைப் பொதுத் திருமணச் சட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

கலியாணம் பேசும்போது காவி என்று சொல்லவேண்டுமா? சொன்னால் யார் கட்டுவார்கள்?

காவி என்பது நோய் அல்ல, கலியாணத்துக்குத் தடையும் அல்ல. மற்றவர் காவி இல்லையென்றால் பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது. ஆகவே கேட்கவேண்டியது ஒன்றுதான்: மாப்பிள்ளையும் ஒரு டெஸ்ட் எடுப்பாரா? சாதகம் கொடுக்கும்போதே ரிப்போர்ட்டையும் தரகரிடம் கொடுத்துவிடவேண்டாம். தரகர் வாயில் விழுந்தது தெரு முழுக்கப் போகும். இரண்டு வீட்டுக்கும் மனம் பிடித்து, முடிவுக்கு முன் இருவரும் நேரில் பேசிக்கொள்வது நல்லது. மறைத்துவிட்டுப் பிள்ளை பிறந்த பிறகு தெரியவந்த வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே நோயைவிடப் "ஏன் சொல்லவில்லை" என்பதுதான் பெரிய சண்டை.

"காவி காவியைக் கட்டவேண்டாம்" என்று சுவரொட்டி ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே விரும்பிவிட்ட இரண்டு பேரிடம் அதைக் கட்டளையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விவரத்தைக் கொடுப்போம், முடிவு அவர்களுடையது.

முப்பத்தெட்டு வயதில் இன்னொரு பிள்ளை பெறலாமா? டவுன் பிள்ளை வரும் என்கிறார்கள்.

பெறலாம். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறையும் டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 25 வயதில் ஏறக்குறைய 1,250 பிறப்புக்கு ஒன்று, 35இல் 350க்கு ஒன்று, 40இல் நூறுக்கு ஒன்று. ஏற்கெனவே ஒரு டவுன் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் நிறமூர்த்த டெஸ்ட் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வாருங்கள். நிறமூர்த்தம் என்பது மரபணுக்கள் கோத்திருக்கும் இழை. பெரும்பாலானவை தற்செயலாக வருபவை. நூறில் மூன்று நான்கில் நிறமூர்த்தம் இடம் மாறி ஒட்டியிருக்கும். அப்படியானால் பெற்றோரையும் சோதிக்கவேண்டும். அந்த வகை இளம் தாய்க்கும் திரும்ப வரக்கூடும்.

மூன்று தரம் கலைந்துவிட்டது.

பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும்: தைரொயிட், கருப்பையின் அமைப்பு, இரத்தம் உறையும் கோளாறு. இவற்றை முதலில் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட நூறு தம்பதியரில் மூன்று நான்கு பேரில் கணவன் அல்லது மனைவியின் நிறமூர்த்தம் ஒன்று இடம் மாறியிருக்கும், அவருக்கு ஒரு கோளாறும் தெரியாது. இதில் இருவரையும் சோதிக்கவேண்டும். கலைந்தது உங்கள் வயிற்றில் என்பதால் காரணமும் உங்களிடம் என்று முடிவு கட்ட ஒருவருக்கும் உரிமையில்லை.

கிரகணத்தன்று காய் வெட்டினேன், பிள்ளைக்கு உதடு பிளந்துவிட்டது.

இரண்டுக்கும் தொடர்பில்லை. உதடு கருவின் முதல் ஏழெட்டு வாரத்துக்குள் உருவாகிவிடும். அடுத்த பிள்ளைக்கும் வர நூறில் நான்கு அளவில் வாய்ப்பு. இதற்கு நல்ல அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

என் தம்பி பத்து வயதில் நடக்க முடியாமல் போய்விட்டான். எனக்கு என்ன?

தம்பிக்கு வந்தது டுசென் நோய் என்றால் உங்களுக்கு அந்த வருத்தம் பெரும்பாலும் வராது, ஆனால் நீங்கள் காவியாக இருக்கலாம். பொடியன்களின் தசை தேயும் டுசென் நோய் அம்மாவின் வழியாக வருவது. காவியான பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் இது அம்மாவிடம் இல்லாமல் புதிதாக உண்டாகும். ஆகவே முதலில் தம்பியின் மரபணுவைச் சோதிக்கவேண்டும். தம்பி உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவைப்பது முக்கியம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பிறகு சோதிக்க இரத்தம் கிடைக்காது.

வலிப்புக்கு, சீனி வருத்தத்துக்கு மருந்து குடிக்கிறேன்.

வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து பிள்ளையின் முள்ளந்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். நீங்களாக நிறுத்தவேண்டாம், திடீர் வலிப்பு உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்கு ஆயத்தமாகிறோம் என்று கிளினிக் டொக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதபோது தங்கினால் பிள்ளையின் இருதயத்தில் குறை வரும் வாய்ப்பு கூடும். முதலில் சீனியை இறக்குங்கள். ருபெல்லா ஊசி போட்டதா என்றும் பாருங்கள். இல்லையென்று இப்போது போட்டால் ஒரு மாதம் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எங்கே போவது? காசு கொடுக்கவேண்டுமா?

உங்கள் பகுதி மிட்வைஃப்தான் வாசல். கொழும்பு நகருக்குள் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் தாய்–சேய் கிளினிக்குகளை நடத்துகிறது. நகருக்கு வெளியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, எம்.ஓ.எச். ஒபிஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கலியாணமானவர்களுக்கான சோதனையும் ஃபோலிக் அமிலமும் அங்கே காசில்லாமல் கிடைக்கும். அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் "எனக்கு இங்கே வாக்கில்லை, விலாசமில்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வாக்காளர் பட்டியல் கிளினிக்குக்குத் தேவையில்லை. நீங்கள் தங்கியிருக்கிற தெருவுக்குப் பொறுப்பான மிஸ், அதாவது மிட்வைஃப், யார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் துண்டு எழுதி அனுப்புவார்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு கின்சி வீதியில் இருக்கிறது. 1983இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். நாட்டில் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலர் என்பதால் காத்திருக்கவேண்டி வரும். சில மரபணு டெஸ்டுகளுக்குக் காசு கேட்பார்கள். இரத்தம் கொடுப்பதற்கு முன் எவ்வளவு, வேறு வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சிங்களம் அவ்வளவு வராது. மாமி கூட வந்து சொல்வா.

மாமி வழித்துணைக்கு வரட்டும், பேச்சுக்கு வேண்டாம். கிராண்ட்பாஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையிடம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: முன்பு கர்ப்பம் கலைந்ததா? மாமி அந்தப் பிள்ளையைத் திரும்பியும் பார்க்காமல் "இல்லை" என்று பதில் சொல்லிவிட்டார். பிள்ளை என் பக்கம் பார்த்து, மேசைக்குக் கீழே இரண்டு விரலைக் காட்டியது.

தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டு அந்த நாளில் வாருங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தால் மூன்று விஷயத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்: என்ன டெஸ்ட், முடிவு என்ன, அடுத்து என்ன செய்யவேண்டும்.

புருஷன் வீட்டில் "உன் இரத்தம்தான் கெட்டது" என்கிறார்கள்.

தலசீமியா போன்ற நோய் பிள்ளைக்கு வரவேண்டுமென்றால் அப்பாவும் கொடுத்திருக்கவேண்டும். அரைப் பங்கு அவருடையது. இதை ஆலோசகர் வாயால் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் எடுபடும், நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ. பேச்சு அடிதடிக்குப் போனால் ஆஸ்பத்திரிகளில் "மிதுரு பியச" என்ற நட்பு நிலையங்கள் இருக்கின்றன. மகளிர் உதவி இலக்கம் 1938.

கடைசியில் பிள்ளை பெறாமல் ஒப்பரேஷன் செய்துவிடுவார்களா?

இந்தப் பயத்தோடு வருகிறவர்களை நான் கேலி செய்வதில்லை. மலையகத்தில் பெண்களுக்கு விளக்கம் சொல்லாமலே கருத்தடை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக இருக்கிறது. மரபணு ஆலோசனையில் யாரும் அப்படி எதையும் செய்ய முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் இரத்தம்கூட எடுக்கக்கூடாது. விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போகலாம். டெஸ்ட் வேண்டாம் என்று சொன்னாலும் கிளினிக்கின் மற்ற எந்தச் சேவையும் நிற்காது, நிற்கவும் கூடாது.

(ஒரு மிட்வைஃபின் கேள்வி) எனக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. எப்படித் தொடங்குவது?

மூன்று கேள்வி போதும். நீங்கள் இருவரும் கலியாணத்துக்கு முன்பே சொந்தமா? இரண்டு பக்கத்திலும் சின்ன வயதில் தவறிய, அடிக்கடி இரத்தம் ஏற்றிய, அல்லது வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் உண்டா? உங்களுக்குக் கலைந்ததோ, பிறந்து போனதோ உண்டா? ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் மேலே அனுப்புங்கள். ஆம் இல்லாவிட்டாலும் முழு இரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி.யைப் பாருங்கள்.

இடம்தான் நேரத்தைவிடப் பெரிய பிரச்சினை. எடை பார்க்கும் வரிசையில், பத்துப் பேர் காதில் விழ, இந்தக் கேள்விகளைக் கேட்டால் மூன்றுக்கும் "இல்லை" என்றுதான் வரும். நிறைகாட்டியைத் திரைக்கு அந்தப் பக்கம் நகர்த்திவைத்த கிளினிக் ஒன்றில் பதில்கள் மாறத் தொடங்கின. வீட்டுக்குப் போகும்போதும் கேட்கலாம், மாமி கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து.

ரிப்போர்ட் வந்துவிட்டது. அதை என்ன செய்ய?

பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள், ஃபோனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குத் தண்ணீர் ஏறுகிற வீடுகளில் தாளை நம்ப முடியாது. கர்ப்பமானதும் முதல் கிளினிக்கிலேயே அதைக் காட்டுங்கள். காவி என்று வந்திருந்தால் உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. கலியாணமாகாத தங்கையிடம் முதலில் சொல்லுங்கள். துபாயில் இருக்கிற அண்ணனுக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.